நெற்றிக்காசு

குதிகால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. நாலு நாளாய் ஆஸ்பத்திரித் தரையில் படுத்ததும், மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்ததும் சேர்ந்து, ரேவதியின் பாதங்கள் செருப்புக்குள் அடங்காமல் வீங்கிக் கிடந்தன. அந்தக் காலோடுதான் குத்தவைத்து உட்கார்ந்து, அப்பாவின் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு நிற்கவில்லை. இருபது வருஷத்துக்கு முன் இரும்பு விழுந்து நசுங்கிய வலது கட்டைவிரல், அன்றிலிருந்து ஒரு பக்கமாய் விலகித்தான் நிற்கும். இப்போதும் விலகியே நின்றது.

"இஸ்துக் கட்டும்மா. நேரம் ஆனா வெறச்சிக்கும்" என்றார் கோதண்டம். அம்மா சுசீலாவின் தம்பி. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாய் வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பவர்.

இரண்டாம் முறை இழுத்துக் கட்டினாள். நின்றது.

விடியற்காலை ஐந்தரைக்கு ஆஸ்பத்திரியில் கஜபதியின் மூச்சு நின்றது. எட்டு மணிக்கு ஆவடி பக்கத்துக் கோவில்பதாகையில் இருந்த வீட்டுக்கு வந்துவிட்டார். முன்னறையில் ஐஸ் பெட்டி தயாராக இருந்தது. தெருவில் பையன்கள் பந்தல் துணியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தாடக்கட்டு ஆச்சி. நெத்திக்காசு? யாராச்சும் ஒரு ரூபா எடுங்கப்பா" என்றார் கோதண்டம்.

ரேவதியின் தம்பி விக்ரம் பேன்ட் பையைத் தடவினான். போன் வந்தது, பைக் சாவி வந்தது. "என்கிட்ட சில்லறையே இல்ல மாமா. எல்லாம் போன்லதான்."

"நல்லா கீது. முந்நூறு காசு சேத்து வெச்ச மனுசன் ஊட்ல ஒரு ரூபாய்க்கு வழி இல்ல." கோதண்டம் ரேவதி பக்கம் திரும்பினார். "நீ போயி தலைக்கு ஊத்திக்கினு வா. இத்த நான் பாத்துக்கறேன்."

அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அப்பா பெட்டிக்குள் போயிருந்தார். நெற்றியில் அள்ளிப் பூசிய சந்தனம், நடுவில் வட்டமாய் ஒரு காசு. கண்ணாடி மூடியில் உள்ளே பனி கட்டத் தொடங்கியிருந்ததால் முகமே மங்கலாகத்தான் தெரிந்தது. எங்கோ ஒரு ரூபாய் கிடைத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சுசீலா அழவில்லை. பெட்டியின் ஒயர் காலில் தட்டாதபடி ஓரமாய்த் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

கஜபதி முப்பத்தாறு வருஷம் ஆவடி டாங்கி ஃபேக்டரியில் நம்பர் அடித்தவர். எஃகுப் பாகம் முடிந்து அவர் மேஜைக்கு வரும். இடது கையில் எழுத்துப் பஞ்ச், வலது கையில் சுத்தி. எந்த ஷாப், எந்த மாதம், எத்தனையாவது உருப்படி என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அடி. இரண்டாவது அடி விழுந்தால் எழுத்து இரட்டித்துவிடும். பெரிய மேஸ்திரி அம்மா அக்காவை இழுத்துத் திட்டுவார். செய்தவன் பேர் எங்கும் இருக்காது. அந்த நம்பர் மட்டும்தான்.

அதே ஷாப்பில் கடைசல் மெஷின் ஓட்டியவர் அப்துல் ரசாக். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழங்காசுக் கண்காட்சி ஒன்றில் சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிதாய் ஒரு செப்புக்காசை வாங்கிவந்து, மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் காட்டினார். ரோமாபுரிக் காசு, ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேலே ஆகிறது என்றார். ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட பெண். மறுபக்கம் ஒரு ஓநாய், அதன் மடியில் பால் குடிக்கும் இரண்டு குழந்தைகள், மேலே இரண்டு நட்சத்திரம். கஜபதி பெண்ணையும் பார்க்கவில்லை, ஓநாயையும் பார்க்கவில்லை. ஓநாயின் காலுக்குக் கீழே குட்டி குட்டியாய் இருந்த எழுத்துகளைப் பார்த்தார். அது என்ன என்று கேட்டார். எந்த ஊரில் அடித்தது, அந்த ஊரில் எத்தனையாவது பட்டறை என்பதற்கான குறி என்று ரசாக் சொன்னார்.

"டேய் ரசாக்கு, இது நம்ம வேலைடா" என்றாராம் கஜபதி. சோறு அப்படியே கிடந்ததாம்.

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. தங்கமும் வெள்ளியும் அவர் கேட்டதே இல்லை. இந்த ஓநாய்க்காசு ஒன்றுதான், சில சமயம் அதன் ஜோடிக்காசு. புதுத் தலைநகரம் கட்டிய ராஜா, பழைய ஊர்க்காரன் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று இரண்டு ஊருக்கும் ஆளுக்கொரு காசு அடித்தான் என்பார். "இதுல ராஜா மூஞ்சி இல்ல பாத்தியா? ஊருக்குன்னு அட்ச்ச காசு. லட்சக்கணக்குல அட்ச்சான். அதான் நம்ம கைக்கு வந்துச்சி. தங்கத்த பொட்டில வெச்சி பூட்டிடுவான். இத்த குட்துதான் எவனோ ரொட்டி வாங்கித் துன்னுருப்பான்." இரண்டு பிரியாணி விலைக்குமேல் எந்தக் காசுக்கும் அவர் கொடுத்ததில்லை. ஓரம் சரிந்து அடித்த காசு கிடைத்தால் குஷியாகிவிடுவார். "ஷிஃப்ட் முடியற நேரம். கை அசந்து போச்சி அவனுக்கு."

ரேவதிக்கு அதிலெல்லாம் காது போனதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே பிரேக் பாகங்களைச் செக் பண்ணி முத்திரை குத்திவிட்டு வருகிறவளுக்கு, வீட்டிலும் ஒரு இரும்புக் கதையா என்று எரிச்சல்தான் வரும். ஒரு தடவை அவர் கேட்டார்: "உன் முத்திரை நம்பர் இன்னா?" பதினேழு என்றாள். தலையை ஆட்டிக்கொண்டார்.

பதினோரு மணிக்கு ரசாக் பாய் வந்தார். திருமுல்லைவாயிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து தெருமுனையில் இறங்கி நடந்து வந்தவர், வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் பெட்டி முன் நின்றார். அவர் பார்க்கட்டும் என்று கோதண்டம் மூடியைத் தூக்கி, உள்பக்கம் பூத்திருந்த பனியைத் துண்டால் துடைத்தார்.

பாய் பார்த்தார். பார்வை முகத்தில் ஓடி நெற்றிக்கு வந்து அங்கேயே நின்றது. கை சட்டைப் பைக்குப் போனது. வெறும் பையைத் தடவிவிட்டுக் கீழே வந்தது. பந்தலின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ரேவதி எழுந்து குனிந்து பார்த்தாள். சந்தனத்துக்கு நடுவே ஓநாய் தலையைத் திருப்பித் தன் மடியில் குடிக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலுக்குக் கீழே தேய்ந்த எழுத்துகள், கடைசியில் கவிழ்த்துப் போட்ட 'ட' மாதிரி ஒன்று.

உள்ளறை மேஜைக்கு ஓடினாள். சின்னக் காகிதக் கவர் காலியாகக் கிடந்தது. மேலே அப்பாவின் பென்சில் எழுத்து: 'ரசாக் உடையது. ஒரு வாரம்.'

நேற்று மத்தியானம் மூச்சுக் கருவியை ஒதுக்கிவிட்டு அவர் சொன்னது இரண்டே சங்கதி. ஒன்று, தண்ணீர். இன்னொன்று, "பாய் காசு... மேஜ மேல கவர்ல கீது. நீயே குட்துடு." சரி நைனா என்றாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். குட்துடறேன் நைனா என்றாள். அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

"மாமா, இந்தக் காச எங்கருந்து எட்த்தீங்க?"

"மேஜ மேல இருந்திச்சி. ஏன்?"

"இது நைனாது இல்ல. ரசாக் பாயோடது."

"அது எனக்கு எப்டிம்மா தெரியும்? நாய் படம் போட்ட காசு ஊடு முழுக்க கீது. ஆசையா சேத்தாரு, ஒண்ணாச்சும் கூடப் போவட்டும்னு வெச்சேன்." அவர் முகம் விழுந்துவிட்டது.

"எட்த்துட்டு வேற வெச்சிடுங்க மாமா."

"தோ பாரு. வெச்சத எட்க்கக் கூடாது. நெத்திக்காசு சுடுகாட்டு ஆளுக்குச் சேர்றது. நடுவுல கை வெச்சா பொணத்துகிட்ட திருடன மாதிரி ஆயிடும்."

சுற்றி இருந்த பெண்கள் ரேவதியைப் பார்த்தார்கள். விக்ரம் அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாய் இழுத்தான். "அக்கா, சீன் பண்ணாத. எவ்ளோ இருக்கும் அது? ஆயிரமா? நான் வேற ஆர்டர் போட்டு பாய்க்குக் குடுத்துடறேன். நைனாவே சொல்வாரே, எங்க பாத்தாலும் கெடைக்கிற காசுன்னு."

"அவரோடத குடுன்னு சொன்னாருடா. அதே மாதிரி ஒண்ணு குடுன்னு சொல்லல."

அவன் கையை விட்டுவிட்டான்.

பாயின் கையில் யாரோ கொடுத்த டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. ரேவதி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தப்பு நடந்து போச்சி பாய்."

"பாத்தேன்மா. விடு. போட்டும்."

"உங்ககிட்ட குட்துடுன்னு நேத்து சொன்னாரு. ரெண்டு வாட்டி."

பாய் டீயைக் கீழே வைத்தார். "மொத்தம் பதிமூணு ஊர்ல அட்ச்சான்னு கணக்கு. உங்க நைனாகிட்ட பன்னெண்டு. இது ஒண்ணுதான் இல்ல, அந்தியோக்கியா. என்கிட்ட இருந்திச்சி. ஆறு வருசம் கேட்டான். ஞாயித்துக்கெழம ஆனா சைக்கிள எட்த்துகினு வந்துடுவான். இதுக்கு பதிலா ரெண்டு காசு தரேன்டா, மூணு தரேன்டா, நல்லதா பாத்து எட்த்துக்கோடான்னு பேரம். எங்க ஊட்ல ஏசுவாங்க, அந்த மனுசனுக்குக் குட்து தொலைங்களேன்னு. குடுக்கல."

"ஏன் பாய்?"

"குட்துட்டா பதிமூணும் ஆயிடும். அப்பால எதுக்கு வரப்போறான்?"

பந்தல் துணி காற்றில் அடித்துக்கொண்டது. பாய் அதன் ஓரத்தை இழுத்துக் கம்பத்தில் செருகினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மின்ன நாளு நானே எட்த்துகினு வந்தேன். பதிமூணையும் கட்டில் மேல வரிசையா அடுக்கிப் பாத்தான். ஒரு வாரம் வெச்சிக்கடா, அடுத்த ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கறேன்னேன். வாக்கு தப்பமாட்டான். ஒரு வாரம்னா ஒரு வாரம் இருப்பான்னு..." குனிந்து, ஆறிய டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. தண்ணீர் ஊற்றி, வாய்க்கரிசி போட்டு, பெண்கள் தெருமுனை வரை வந்து நின்றார்கள். விக்ரம் கொள்ளிச் சட்டியோடு முன்னால் ஏறினான். ஆண்கள் பின்னால் ஏறினார்கள். ரேவதியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி வைத்தாள்.

"நீ எங்கம்மா?" என்றார் கோதண்டம். "பொம்பளைங்க இத்தோட நிக்கணும்."

"நான் வரேன்."

"அக்கா, நீயாச்சும் சொல்லு" என்று சுசீலாவைப் பார்த்தார்.

சுசீலா மகளின் பாதங்களைப் பார்த்தாள். பிறகு தம்பியை. "நாலு நாளு மூத்திரம் பீ அள்ளனது அவதானே? அப்ப நீ நிக்க சொன்னியா? போட்டும்."

கோதண்டம் நகர்ந்து இடம் விட்டார்.

கேஸ் தகன மேடையில் வேலை பார்ப்பவர் பெயர் செங்கல்வராயன். ஐம்பது தாண்டியவர். காக்கி அரைக்கால் சட்டை, தோளில் ஈரத் துண்டு. முன்கை முழுக்க முடி பொசுங்கி வழுவழுவென்று இருந்தது. ஆபீஸ் சீட்டைப் பார்த்தார், மாலைகளை எடுத்து ஓரமாய்ப் போட்டார், கால் கட்டையும் தாடைக் கட்டையும் அவிழ்த்தார். தினமும் செய்கிற கை, எங்கும் தயங்கவில்லை. கடைசியாய் நெற்றியிலிருந்து காசைக் கிள்ளி எடுத்துக் கால்சட்டைப் பையில் போடப் போனவர், கனம் வேறு மாதிரி இருந்ததாலோ என்னவோ, விரலுக்கிடையில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா காசு இது? நாயா?"

"ஓநாய்ண்ணா" என்றாள் ரேவதி.

"பால் குடிக்கறது கொயந்தைங்க மாதிரி கீது?"

"ஆமா. ஆத்துல உட்ட ரெண்டு புள்ளைங்க. அது எட்த்து வளத்துச்சாம்."

"எந்த ஊரு காசு?"

அவள் கிட்டே போய், அவர் உள்ளங்கையில் இருந்த காசை நகத்தால் திருப்பினாள். "கீழ எழுத்து கீது பாருங்க. அது ஊரு பேரு. கடைசில கவுத்துப் போட்ட ட மாதிரி ஒண்ணு கீதே, அது மூணாவது பட்டறை. அட்ச்சவன் பேரு இருக்காது. பட்டறை நம்பர் மட்டும்தான். இந்தப் பக்கம் பாருங்க, ஓரம் சரிஞ்சி கீது. ஷிஃப்ட் முடியற நேரத்துல அட்ச்சிருக்கான், கை அசந்து..."

விக்ரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

செங்கல்வராயன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "ஆமா. சரிஞ்சிதான் கீது."

"இது இரவல் காசுண்ணா. இன்னொருத்தரோடது. தெரியாம வெச்சிட்டாங்க. இதுக்கு பதிலா நோட்டா தரேன். எவ்ளோன்னு சொல்லுங்க."

"நோட்டு வாணாம். வேலைக்கு ஆபீஸ்ல சம்பளம் தரான். இது அந்தக் கணக்கு இல்லம்மா. இது போறவரு எனக்குக் குடுக்கறது. ஒரு ரூபாதான். ஆனா காசா இருக்கணும், அவரு நெத்திலருந்து நான் எட்க்கணும்." காசை அவள் கையில் வைத்தார். "இரவல் காசு எனக்கும் வாணாம். வேற ஒண்ணு வையி. சீக்கிரம்."

பதினோரு ஆண்கள் நின்றார்கள். ஆளாளுக்கு இடுப்பையும் பையையும் தடவினார்கள். ஐந்நூறு வந்தது, இருநூறு வந்தது, பஸ் டிக்கெட் வந்தது. "போன்ல போட்டா ஆவாதா?" என்று எவனோ கேட்டான். செங்கல்வராயனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. விக்ரம் ஈர வேட்டியோடு ரோட்டு டீக்கடைக்கு ஓடினான்.

செங்கல்வராயன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளியே அடுத்த வண்டி வந்து நின்று, பறைச் சத்தம் ஓய்ந்தது. ஆபீஸ் ஜன்னலிலிருந்து ஒரு குரல், "இன்னும் ஆவலியாப்பா?" என்றது. அவர் கோதண்டத்தைப் பார்த்தார். கோதண்டம் ரேவதியைப் பார்த்தார். அப்பாவின் நெற்றியில் காசு இருந்த இடம் மட்டும் சந்தனம் இல்லாமல் வட்டமாய், வெறும் தோலாய்த் தெரிந்தது.

"தள்ளுங்கண்ணா" என்றாள்.

தண்டவாளத்தில் தள்ளுவண்டி உருண்டது. உலைக் கதவு இறங்கியது.

பாய் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அவள் கையோடு கொண்டுவந்திருந்த காகிதக் கவரில் காசைப் போட்டு நீட்டினாள். அவர் திறந்து பார்த்தார். ஓநாயின் வயிற்றுக்கடியில், பிள்ளைகளுக்கு நடுவில் சந்தனம் அப்பியிருந்தது. துடைக்கவில்லை. கவரை மடித்துப் பைக்குள் வைத்து, பையின் மேல் கையை வைத்தபடியே பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனார்.

விக்ரம் மூச்சிரைக்க ஓடி வந்தான். ஒரு கையில் பிஸ்கட் பாக்கெட், இன்னொரு கையில் ஒரு ரூபாய். செங்கல்வராயன் திண்டில் உட்கார்ந்து பாட்டிலை அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இந்தாங்கண்ணா. கிடைச்சிடுச்சி."

அவர் பாட்டிலை மூடினார். காசைப் பார்த்தார். கை நீட்டவில்லை. "எங்க வெச்சி எட்க்கறது தம்பி? கதவு மூடியாச்சே."

"பரவால்லண்ணா, நாங்க குடுக்கறோம். வாங்கிக்கோங்க."

"நீ குட்தா நீ குட்ததா ஆவும். அவரு குட்தது ஆவாது." கோபமாகச் சொல்லவில்லை. நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இருக்கட்டும். பாக்கியாவே இருக்கட்டும். இருவத்தாறு வருசத்துல இவரு ஒருத்தர்தான்."

அடுத்த வண்டிக்காரர்கள் கூப்பிட்டார்கள். அவர் உள்ளே போனார்.

அக்காவும் தம்பியும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். விக்ரமின் உள்ளங்கை இன்னும் விரிந்தே இருந்தது.

கஜபதி, செங்கல்வராயனுக்கு ஒரு ரூபாய் தரவேண்டும்.